கிங்ஸ்டன் பாலத்துக்கு அடியில தண்ணில முக்குன பீர்க்கடைக்காரம்மா: 1745 கேஸ் ஒன்னு, முழு விவரத்தோட

1745 ஏப்ரல் 27 தேதியிட்ட லண்டன் ஈவ்னிங் போஸ்ட் பேப்பர்ல நாலே வரில ஒரு செய்தி வந்துச்சு. சர்ரே மாவட்டத்துல கிங்ஸ்டன்னு தேம்ஸ் ஆத்தோரம் ஒரு ஊர், அங்க குயின்ஸ் ஹெட்னு ஒரு பீர்க்கடை, அந்தக் கடைய நடத்திட்டு இருந்த பொம்பளைய வாய்ச்சண்டை போட்டதுக்காக தண்ணில முக்கணும்னு கோர்ட் உத்தரவு போட்டுச்சு, அதே மாதிரி போன வாரம் அவங்கள நாற்காலில உக்கார வச்சு கிங்ஸ்டன் பாலத்துக்கு அடியில ஆத்துல முக்குனாங்க, 2000 இல்ல 3000 பேர் நின்னு பாத்தாங்க. செய்தி அதோட முடிஞ்சுபோச்சு. கடை பேர் இருக்கு, பாலம் பேர் இருக்கு, எத்தனை பேர் வேடிக்கை பாத்தாங்கன்னு கூட இருக்கு. அந்தம்மா பேர் இல்ல. என்ன பேசுனாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. யார்கிட்ட சண்டை, யார் புகார் குடுத்தது, எதுவும் இல்ல.

இந்த கேஸ நான் எடுத்ததுக்கு காரணம் அந்த இல்லாத பேர்தான். நம்ம ஊர்ல கூட "நியூசென்ஸ் கேஸ் போட்டு உள்ள தள்ளிருவேன்"னு போலீஸ்காரர் சொல்றத கேட்டிருப்போம், அந்த நியூசென்ஸ்ங்கற சொல்லு இங்கிலீஷ்காரன் சட்டத்தோட கப்பல் ஏறி வந்ததுதான். அது பொறந்த ஊர்ல, 18-ஆம் நூற்றாண்டுல, என்னென்னத்த நியூசென்ஸ்னு சொன்னாங்கன்னு பாத்தா தெருவுல எருக்குவியல் போட்டு வச்சது, பன்னிய அவுத்து விட்டது, ரோட்டுல குழி வெட்டுனது, நாத்தம் புடிச்ச தொழில் பண்ணது, ரவுடிங்க கூடுற சத்திரம் நடத்துனது, பட்டாசு கொளுத்தி வீசுனது, அடுத்த வீட்டு ஜன்னலுக்கு கீழ நின்னு ஒட்டுக்கேட்டது, இதோட ஒரே வரிசைல வாயாடிப் பொம்பளையும் வர்றாங்க. சொல்லுக்கு சொல் நியாயமா பாத்தா எருக்குவியல் ஒரு பொருள், வாயாடிங்கறது ஒரு மனுஷி. சட்டம் ரெண்டையும் ஒரே தலைப்புல வச்சுது, ஆனா தண்டனைன்னு வரும்போது எருக்குவியல்காரனுக்கு கிடைச்ச தயவு கூட அவங்களுக்கு கிடைக்கல. அதுதான் எனக்கு தொண்டைல முள்ளு மாதிரி நிக்குது.

எருக்குவியலுக்கு என்ன தண்டனை

முதல்ல இதை சொல்லிட்டா மத்தது புரியும். அப்போ ஊர்ல சின்னச் சின்ன குத்தத்த பாத்துக்கிட்டது கோர்ட் லீட்னு சொல்ற ஊர்க்கோர்ட். மான்செஸ்டர்ல இது நல்லா பதிவாயிருக்கு, அவ்ளோ பெரிய ஊரா வளர்ந்தும் 1838 வரைக்கும் அதுக்கு நகராட்சி அந்தஸ்து கிடையாது, மோஸ்லி குடும்பம்தான் ஊருக்கு ஜமீன், வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஈஸ்டர் சமயத்துல ஒன்னு செப்டம்பர் கடைசில வர்ற மிக்கேல்மஸ் பண்டிகை சமயத்துல ஒன்னுன்னு கோர்ட் கூடும். நீதி சொல்றது வெளியூர் ஜட்ஜ் இல்ல, ஊர்க்காரங்களே ஜூரியா உக்காந்து இன்னார் இன்னது பண்ணாருன்னு எழுதிக் குடுப்பாங்க. பீர் ருசி பாத்து சொல்ல ஆள், மீனும் கறியும் கெட்டுப்போச்சான்னு பாக்க ஆள், தெருக்குப்பைய கவனிக்க ஆள், பன்னிய கவனிக்க ஆள், பெரிய நாய்ங்களுக்கு வாய்மூடி போட்டிருக்கான்னு பாக்கக்கூட ஆள் இருந்தாங்க, இவங்கெல்லாம் சம்பளக்காரங்க இல்ல, தெருவுல இருக்கற கடைக்காரங்களும் தொழில்காரங்களும்தான்.

இந்த கோர்ட்டோட வழக்கமான உத்தரவு எப்படி இருக்கும்னா, இன்ன தேதிக்குள்ள குவியல எடுத்துடு, எடுக்கலன்னா இவ்ளோ அபராதம். அதாவது முதல்ல கெடு, அப்புறம்தான் காசு. சில பேருக்கு அபராதத்த குறைச்சும் போடுவாங்க, அதுக்குன்னே அபராதத்த மதிப்பு போடுற ஆளுங்க தனியா இருந்தாங்க. தொல்லை போகணும்ங்கறதுதான் அவங்க குறி, ஆள அவமானப்படுத்துறது இல்ல. எனக்கு இந்த முறை மேல உண்மையிலேயே மரியாதை இருக்கு, பக்கத்து வீட்டுக்காரன் நாளைக்கும் பக்கத்து வீட்டுக்காரன்தான்னு புரிஞ்சு வச்சுருந்த கோர்ட் அது.

இதே சட்டம் பொம்பளைகிட்ட வரும்போது

லத்தீன்ல அந்த குத்தத்துக்கு பேர் கம்யூனிஸ் ரிக்ஸாட்ரிக்ஸ். நம்ம பாஷைல சொன்னா பஜாரி. 1769-ல வந்த தன்னோட சட்ட விளக்கத்தோட நாலாவது பாகத்துல பிளாக்ஸ்டோன்ங்கற இங்கிலீஷ் சட்ட அறிஞர் இதை பொதுத் தொல்லைங்க, அதாவது நியூசென்ஸ் வரிசைல வச்சு எழுதுறாரு, கூடவே ஒரு விஷயத்த சாதாரணமா சொல்லிட்டுப் போறாரு: நம்ம சட்ட லத்தீன் இந்த சொல்ல பெண்பால்ல மட்டும்தான் வச்சுருக்குன்னு. ஆம்பளை எவ்ளோ கத்துனாலும் இந்த குத்தத்துக்குள்ள வரமாட்டான். தண்டனை அபராதமும் இல்ல ஜெயிலும் இல்ல, குக்கிங் ஸ்டூல்ங்கற நாற்காலில உக்கார வச்சு தண்ணில முக்கணும், அதுதான் தீர்ப்பு.

அந்த நாற்காலிக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1086-ல இங்கிலாந்து ராஜா நாடு பூரா எடுத்த டூம்ஸ்டேங்கற நிலக் கணக்குல செஸ்டர் ஊர் வழக்கம்னு எழுதியிருக்கு, மட்டமான பீர் காய்ச்சுனவங்க ஆணோ பொண்ணோ சாணி நாற்காலில உக்காரணும், இல்லன்னா 4 ஷில்லிங் கட்டணும். குக்குங்கறது மலம் கழிக்கறதுக்கான பழைய இங்கிலீஷ் சொல்லு, அதுல இருந்துதான் குக்கிங் ஸ்டூல் வந்துச்சு, தண்ணில முக்கற வழக்கம் வந்தப்புறம் அது டக்கிங் ஸ்டூல் ஆயிடுச்சு. கவனிச்சு பாருங்க, ஆரம்பத்துல ஆணுக்கும் பொண்ணுக்கும் பொது, காசு கட்டி தப்பிக்கலாம். போகப்போக அது முக்கியமா பொம்பளைங்களுக்குன்னு ஆயிடுச்சு, காசு குடுத்து தப்பிக்கற வழியும் தீர்ப்புல இல்லாம போச்சு.

கிங்ஸ்டனுக்கு வருவோம். அந்த ஊர் இதுக்காக எவ்ளோ செலவு பண்ணுச்சுன்னு கணக்கு கூட இருக்கு, 1572-ஆம் வருஷ ஊர்க் கணக்குல நாற்காலி செஞ்ச கூலி 8 ஷில்லிங், இரும்பு வேலை 3 ஷில்லிங், மரம் 7 ஷில்லிங் 6 பென்ஸ், பித்தளை மூணும் சக்கரம் மூணும் சேத்து 4 ஷில்லிங் 10 பென்ஸ், மொத்தம் 1 பவுன் 3 ஷில்லிங் 4 பென்ஸ். சக்கரம் எதுக்குன்னு யோசிச்சா வயிறு கலங்குது. தண்ணில முக்கறதுக்கு சக்கரம் வேண்டாம். சக்கரம் ஊர்வலத்துக்கு. அதே வருஷம் ஆகஸ்ட்ல சர்ச் ரிஜிஸ்டர்ல அந்த ஊர்வலமும் பதிவாயிருக்கு, டவுனிங்னு ஒரு சவக்குழி வெட்டுறவர், அவர் சம்சாரத்த ரொம்ப உசரமா செஞ்ச புது நாற்காலில உக்கார வச்சு, சந்தைத் தெரு வழியா தள்ளிட்டுப் போய், தேம்ஸ் பாலத்துல தலை முழுக மூணு தடவை முக்குனாங்க, வாயாடியும் சண்டைக்காரியுமா இருந்ததுக்காக. அவங்களுக்கும் சொந்தப் பேர் எழுதல, புருஷன் தொழில்தான் எழுதியிருக்கு.

அந்த 1572-க்கும் நம்ம கேஸ் 1745-க்கும் நடுவுல 173 வருஷம். அதே ஊர், அதே ஆத்துப் பாலம், அதே குத்தம். இந்த இடைவெளில அந்த நாடு ஒரு ராஜாவ கொன்னு, இன்னொரு ராஜாவ துரத்தி, பார்லிமென்ட் பெருசா ஆகி, நியூட்டன் வந்து போயி எல்லாம் ஆயிருச்சு, சந்தைத் தெருல இருந்து பாலத்துக்குப் போற அந்த வழி மட்டும் மாறல.

பாலம் ஏன்னு எனக்கு தோணுறத சொல்றேன். குளத்துல முக்குன ஊர்ங்க எத்தனையோ இருக்கு. கிங்ஸ்டன் பாலம் அப்போ மரப்பாலம், 1729-ல புட்னில பாலம் கட்டுற வரைக்கும் லண்டன் பாலத்துக்கு அடுத்து மேல ஆத்த கடக்க இருந்த பாலமே இதுதான். வண்டி, ஆடு மாடு, வியாபாரி, எல்லாரும் அங்க வந்துதான் ஆகணும். 3000 பேர் கூடுற இடம்னா அந்தப் பக்கத்துல அதுதான். அதனால இந்த தண்டனைல தண்ணி பாதி, பாக்கற கண்ணுங்க பாதி. ஏப்ரல் மாச தேம்ஸ் தண்ணி எப்படி சில்லுன்னு இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல, ஆனா ஈரம் அன்னைக்கே காஞ்சிடும். மறுநாள் காலைல கடையத் தொறந்து, நேத்து பாலத்துல நின்னு சிரிச்ச அதே ஆளுக்கு பீர் ஊத்திக் குடுக்கணுமே, அது எத்தனை நாளைக்கு காயாம கெடந்திருக்கும்.

சாட்சி என்ன சொல்லணும்

இந்த பகுதிய தயவுசெஞ்சு வேகமா தாண்டிப் போயிடாதீங்க, எனக்கு ரொம்ப கோவம் வந்த இடம் இது.

ஒரு ஆள் மேல கேஸ் போட்டா இன்ன நாள்ல இன்னது பண்ணான்னு சொல்லணும்ல. வாயாடி கேஸ்ல அது வேண்டாம். குற்றப்பத்திரிகைல "பொதுவான வாயாடி, அக்கம்பக்கத்துக்கு தொல்லை"ன்னு எழுதுனா போதும். விசாரணைலயும் அவங்க சொன்ன சொல்ல அப்படியே நிரூபிக்கணும்னு இல்ல, எப்பவும் கத்திக்கிட்டே இருப்பாங்கன்னு பொதுவா சாட்சி சொன்னா போதும், 1787-ல ஜட்ஜ் புல்லர் இன்னொரு வழக்குல பேசும்போது இதை தெளிவாவே சொன்னாரு. இதுக்கு ஆம்பளை பக்கத்துல இருந்த குத்தம் பேரட்டர், அதாவது ஊர்ல சண்டையும் வழக்கும் மூட்டி விட்டுக்கிட்டே இருக்கறவன். சட்டப்படி அதுல பொம்பளையும் வரலாம், ஆனா பெரும்பாலும் ஆம்பளைங்கதான். அதுலயும் குற்றப்பத்திரிகை பொதுவா இருக்கலாம், ஆனா விசாரணைக்கு முன்னாடி எந்தெந்த சம்பவத்த சொல்லப்போறோம்னு ஒரு சீட்டு எழுதி எதிராளிகிட்ட குடுத்தே ஆகணும், இல்லன்னா கோர்ட் கேஸ நடத்த விடாது. ஏன்னா தன் மேல என்ன புகார்னு தெரியாம ஒருத்தன் எப்படி பதில் சொல்லுவான்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதே கேள்விய வாயாடி கேஸ்ல யாரும் கேக்கல. பேரட்டருக்கு தண்டனை அபராதமும் ஜெயிலும், நாற்காலி இல்ல.

இப்ப குயின்ஸ் ஹெட் கடைக்காரம்மாவ அந்த கோர்ட்ல நிறுத்திப் பாருங்க. பீர்க்கடை நடத்துறவங்க அவங்க. குடிச்சிட்டு கடன் சொல்றவன், எந்திரிச்சு போகாதவன், அடுத்தவன் மேல கை ஓங்குறவன், இவங்கள எல்லாம் வாயால அடக்காம எதால அடக்குறது? சரி, அவங்க சத்தமே போடாம இருந்தாங்கன்னு வச்சுக்குவோம், கடைல தினம் அடிதடி நடக்குது, அப்போ அதே பொதுத் தொல்லை பட்டியல்ல ஒழுங்கில்லாத சத்திரம்னு ஒரு குத்தம் இருக்கு, அதுல கடை நடத்துறவங்கள நிறுத்தலாம், லைசென்ஸும் ஜஸ்டிஸ்னு சொல்ற உள்ளூர் மாஜிஸ்ட்ரேட்டுங்க கைல இருக்கு, 1552-ல இருந்தே ரெண்டு ஜஸ்டிஸ் சம்மதம் இல்லாம பீர்க்கடை நடத்த முடியாது. கத்துனா இவங்க தொல்லை, கத்தலன்னா கடை தொல்லை. அவங்களுக்கு உண்மையிலேயே கெட்ட வாய் இருந்திருக்கலாம், அக்கம்பக்கத்துல நிஜமாவே நிம்மதி இல்லாம இருந்திருக்கலாம், அதை நான் இல்லன்னு சொல்லல. ஆனா எந்த வார்த்தைன்னு சொல்லத் தேவையில்லாத ஒரு கேஸ்ல ஒருத்தர் தன்ன எப்படி காப்பாத்திக்க முடியும்?

தப்பிச்ச ஒருத்தர்

தப்பிச்சவங்களும் உண்டு, அந்த கேஸையும் சொல்லிடறேன். 1704 வாக்குல கென்ட் மாவட்டம் மெய்ட்ஸ்டன்ல மிஸஸ் ஃபாக்ஸ்பின்னு ஒருத்தங்கள வாயாடின்னு தீர்ப்பு சொல்லி முக்கச் சொல்லிட்டாங்க. அவங்க விடல, தீர்ப்புல தப்பு இருக்குன்னு சொல்லி லண்டன்ல குயின்ஸ் பெஞ்ச்ங்கற பெரிய கோர்ட் வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. அங்க தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட். அவர் சொன்னதா ரிப்போர்ட்ல ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்னு, முக்கறதா இருந்தா மிக்கேல்மஸ் கோர்ட் பருவத்த விட ட்ரினிட்டி பருவத்துல முக்கறது மேல்னு, அதாவது குளிர்காலம் வரப்போற நேரத்த விட வெயில் காலம் தேவலன்னு. இன்னொன்னு, முக்குனா அவங்க திருந்துறத விட இன்னும் இறுகிப் போவாங்க, ஒரு தடவ முக்கிட்டா ஆயுசு பூரா கத்திக்கிட்டுதான் இருப்பாங்கன்னு.

இந்த ரெண்டாவது வார்த்தை எனக்கு முக்கியம். எருக்குவியல எடுத்தா நாத்தம் போயிடும். பொதுத் தொல்லை சட்டத்தோட மொத்த நியாயமே தொல்லைய அகத்துறதுதான். அந்தக் கணக்குல பாத்தா இந்த தண்டனை தன் வேலையவே செய்யாதுன்னு நாட்டோட பெரிய ஜட்ஜே புரிஞ்சு வச்சிருந்தாரு. ஆனா ஃபாக்ஸ்பி அந்த வார்த்தையால தப்பிக்கல. குற்றப்பத்திரிகைல ரிக்ஸாட்ரிக்ஸ்னு எழுத வேண்டிய இடத்துல கலும்னியாட்ரிக்ஸ்னு, அதாவது அவதூறு பேசுறவள்னு எழுதியிருந்தாங்க, சட்டத்துக்கு தெரிஞ்ச சொல்லு அது இல்லன்னு சொல்லி விட்டுட்டாங்க. ஒரு லத்தீன் சொல்லு அவங்கள கரை சேத்துச்சு.

கிங்ஸ்டன் கடைக்காரம்மாவுக்கு அந்தக் கதவும் மூடியிருந்துச்சு. 1733 மார்ச் 25-ல இருந்து கோர்ட் பத்திரமெல்லாம் இங்கிலீஷ்லதான்னு சட்டம் வந்துருச்சு. சாதாரண ஜனங்களுக்கு புரியணும்னு கொண்டு வந்த நல்ல சட்டம் அது, அதை நான் குறை சொல்லல. ஆனா அதுக்கப்புறம் குமாஸ்தா "வாயாடி"ன்னு தாய்மொழில எழுதுனா போதும், தப்பா எழுத வாய்ப்பு ரொம்ப குறைஞ்சு போச்சு. அதோட மேல கோர்ட்டுக்கு போறதுக்கு வக்கீல், ரிட், லண்டன் அலைச்சல்னு காசு வேணும்.

கூட்டத்துகிட்ட விட்டா என்ன ஆகும்னு அதுக்குள்ள தெரிஞ்சும் இருந்துச்சு. நாட்டிங்காம் ஊர் வரலாற்றுல 1731-ல ஒரு சம்பவம் பதிவாயிருக்கு, மேயர் ஒரு பொம்பளைய நாற்காலில உக்கார வச்சு கூட்டத்துகிட்ட விட்டுட்டாரு, அவங்க முக்குன முக்குல அந்தப் பொண்ணு கொஞ்ச நாள்ல செத்துப் போச்சு, மேயர் மேல கேஸ் ஆச்சு, நாற்காலிய அழிச்சாங்க. அது நடந்து 14 வருஷம் கழிச்சுதான் கிங்ஸ்டன்ல 3000 பேர் கூடுனாங்க. இதுலயும் கொடூரம் ஒன்னு இருக்கு, தேம்ஸ் ஓரமாவே கொஞ்சம் மேல போனா வால்டன்ங்கற ஊர் சர்ச்ல பொம்பளைங்க வாய்க்கு மாட்டுற இரும்புக் கடிவாளம் 1633 தேதி போட்டு இருந்துச்சு, அது சட்டப் புத்தகத்துல இல்லாத தண்டனை, அதனால இங்க அதுக்குள்ள போகல.

சட்டம் எப்போ போச்சுன்னு கேப்பீங்க. கடல் தாண்டி அமெரிக்காலயும் இது போயிருந்துச்சு, 1829-ல வாஷிங்டன்ல ஆன் ராயல்னு ஒரு வயசான எழுத்தாளரம்மாவ பொதுவான வாயாடின்னு தீர்ப்பு சொன்னாங்க, கப்பல் பட்டறைல நாற்காலி கூட செஞ்சாங்க, கடைசில ஜட்ஜுங்க 10 டாலர் அபராதத்தோட விட்டுட்டாங்க. இங்கிலாந்துல முக்கறது நின்னு ரொம்ப காலமாகியும் குத்தம் மட்டும் சட்டத்துல அப்படியே கெடந்துச்சு, 1967-ல வந்த கிரிமினல் சட்டத்துலதான் ஒட்டுக்கேக்கறது, பேரட்டர் இதுங்களோட சேத்து வாயாடிங்கற குத்தத்தையும் எடுத்தாங்க. நெஜமா 1967. அப்போ அந்த நாட்டுல பொம்பளைங்க பார்லிமென்ட்ல உக்காந்து பேச ஆரம்பிச்சு 48 வருஷம் ஆயிருந்துச்சு.

நாற்காலிய கடைசியா உபயோகிச்ச ஊர்னு ஹெரிஃபோர்ட்ஷயர்ல லெம்ஸ்டர சொல்றாங்க, அந்த நாற்காலி இன்னைக்கும் அங்க ப்ரையரி சர்ச்சுக்குள்ள இருக்கு, சக்கரத்தோட. 1817-ல சாரா லீக்னு ஒரு பொண்ண அதுல வச்சு ஊர் சுத்துனாங்க, ஆனா தண்ணி ரொம்ப கீழ போயிட்டதால முக்க முடியல. அதுக்கு முன்னாடி 1809-ல ஜெனி பைப்ஸ்னு ஊரே கூப்பிட்ட ஜேன் காரன்ங்கற பொம்பளைய முக்குனாங்க. ஜட்ஜ் ஹோல்ட் சொல்லி நூறு வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு. ஜெனிய தண்ணில இருந்து தூக்கி கட்ட அவுத்து விட்டதும் அந்தம்மா பண்ண முதல் வேலை, ஈரத்தோட நின்னு, தண்டனை குடுத்த மாஜிஸ்ட்ரேட்டுங்கள திட்டித் தீத்ததுதான்.